வயிற்றுப்புண்ணும் வீண்பழியும்

வேளைக்கு உண்ணாதவனுக்கு வயிற்றுப்புண் வரும். காரத்தை விரும்பித் தின்பவனுக்கு வரும். கவலைப்படுபவனுக்கும் கோபக்காரனுக்கும் தப்பாமல் வரும். இவ்வுரைகளைக் கேளாத மாணவர் நம் விடுதியில் ஒருவரும் இரார். பெரியோர் நம்மீது கொண்ட அன்பினாலேயே இவற்றைச் சொல்லுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இந்நோயின் வேர் இவற்றுள் இல்லை என்பதும், வேரல்லாததை வேரென்று நம்புவதனால் நோயாளர் இருமுறை துன்புறுகின்றனர் என்பதும் அடியேன் கருத்து.

இக்கருத்து எனக்கு நூலினின்று முதலில் வந்ததன்று, வீட்டினின்று வந்தது. என் தந்தையார் கிராமப் பள்ளியொன்றின் ஆசிரியர். ஆறாண்டுக் காலம் அவருக்கு நள்ளிரவில் மேல்வயிற்றில் எரிச்சலெடுக்கும். எழுந்து இரண்டு பிஸ்கோத்தைத் தின்றால் சற்றே தணியும்; பின்னர் மீண்டும் மூளும். "உம்முடைய முன்கோபமே இதற்குக் காரணம்" என்றனர் சுற்றத்தார். "குழம்பில் இத்தனை மிளகாய் அரைத்தால் புண் வராமல் என்ன செய்யும்?" என்று என் அன்னையாரைக் கடிந்தாள் பாட்டி. அன்னையார் மிளகாயைக் குறைத்தார், புளியைக் குறைத்தார், ஈற்றில் உப்புமின்றிச் சமைத்தார். நோய் குறையவில்லை. இதற்கிடையே முதுகுவலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி நாள்தோறும் உண்டு வந்தார் தந்தையார். ஒருநாள் வைகறையில் மலம் தார்போற் கறுத்துக் கழிய, அவர் மயங்கி வீழ்ந்தார். மருத்துவமனையிற் சோதித்தபோது புண்ணும், அப்புண்ணில் ஒரு கிருமியும் காணப்பட்டன. பதினான்கு நாள் மருந்துண்டார்; வலிமாத்திரையை விட்டார்; நலம்பெற்றார். கோபம் மட்டும் இன்றும் முன்போலவே இருக்கின்றது!

இனி, இந்நோயின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். நம் இரைப்பை உணவைச் செரிப்பதற்காக வன்மை மிக்க அமிலமொன்றைச் சுரக்கின்றது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்பதை 1824ஆம் ஆண்டில் வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்டார். இறைச்சியைக் கரைக்கவல்ல அந்நீர் இரைப்பையையே கரைத்துவிடாதபடி, கோழைபோன்றதொரு படலம் உட்சுவரைப் போர்த்துக் காக்கின்றது. அக்காப்புச் சிதையுமிடத்து அமிலம் தசையை அரிக்க, இரைப்பையிலேனும் அதனையடுத்த சிறுகுடலின் முற்பகுதியிலேனும் புண் உண்டாகின்றது. குடற்புண்ணாயின் பசித்தபோதும் நள்ளிரவிலும் வலி மிகுந்து, உண்டால் தணிவது பெரும்பான்மை; இரைப்பைப் புண்ணாயின் உண்ட சிறுபொழுதில் வலிப்பதும் உண்டு. சிலருக்கு வலியே தோன்றாமல், குருதிப்பெருக்கே முதல் அறிகுறியாவதும் உண்டு.

நம் சித்தமருத்துவ நூல்கள் குன்மம் என்னும் பெயரால் எட்டுவகை வயிற்றுநோய்களைப் பகுத்துரைக்கும். எரிகுன்மம், வலிகுன்மம் என்ற பெயர்களே நோயாளன் படும் பாட்டைக் காட்டுவனவாம். தென்னாட்டிற் குடற்புண் நெடுங்காலமாகவே மிகுதி. எவரெஸ்டுச் சிகரம் ஏற 1922ஆம் ஆண்டில் முயன்ற குழுவிலிருந்த ஹோவர்டு சாமர்வெல் என்னும் மருத்துவர், அதன்பின் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்து, அங்கே நோயாளர் குவிந்திருப்பதைக் கண்டு, தம் வாழ்நாளை அவர்க்கே ஈந்தார். இந்நோய்க்கு அவர் செய்த அறுவைகள் மிகப்பல. இரைப்பை, முன்சிறுகுடல் அறுவைமுறை குறித்து 1948இல் நூலொன்றும் எழுதினார். அமெரிக்காவிலோ, 1915ஆம் ஆண்டில் சிப்பி என்பார் மணிக்கொருமுறை பாலும் பாலேடும் ஊட்டும் முறையை வகுத்தார். இவர்களெல்லாம் அறிவிற் குறைந்தவரல்லர். நோய்முதல் அவர் காலத்தில் விளங்கவில்லை.

அது விளங்கியது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில். 1979ஆம் ஆண்டில் ராபின் வாரன் என்பார், இரைப்பைத் தசைத்துணுக்குகளில் வளைந்த கிருமிகளைக் கண்டார். அமிலத்தில் எவ்வுயிரும் வாழாது என்று நம்பிய உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பாரி மார்ஷல் என்னும் இளைய மருத்துவர் அவரோடு சேர்ந்தார். 1982இல் ஈஸ்டர் விடுமுறையின்போது தட்டுக்களை வழக்கத்தினும் நெடுநாள் விட்டுவைத்தமையால் கிருமி வளரக் கண்டனர். ஏனையோர் நம்பாமை கண்டு, 1984இல் மார்ஷல் அக்கிருமிக் கரைசலைத் தாமே அருந்தினார். சின்னாளில் அவருக்கு வாந்தியும் இரைப்பை அழற்சியும் உண்டாயின. ஹெலிக்கோபாக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமியைக் கண்டமைக்காக 2005ஆம் ஆண்டில் இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

மற்றொரு காரணம் வலிமாத்திரை. ஆஸ்பிரின், ஐபுபுரோபன், டைக்ளோபெனாக் முதலியவை, இரைப்பையின் காப்பைப் பேணும் பொருள்கள் உடலில் உண்டாவதைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இங்ஙனம் தொழிற்படும் வகையை 1971இல் ஜான் வேன் விளக்கினார். தலைவலிக்கென்று விடுதித் தோழர் ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொள்ளும் மாத்திரைகளுள் இவையும் உள என்பதை நாம் மறத்தலாகாது.

"ஆயின், மனக்கவலைக்கு இதில் இடமே இல்லையோ?" என்று வினவுவார் உளர். நேர்மையாக விடை கூறின், இடம் உண்டு. 1995ஆம் ஆண்டில் கோபே நகரில் நிலம் நடுங்கியபின் அவ்வட்டாரத்தில் புண்ணினின்று குருதி வடிந்தோர் மிகுந்தனர். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தடுக்கும். காரம் எரிச்சலை மிகுவிப்பதும் உண்மையே. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வயிற்றில் இக்கிருமி இருந்தும் அவருட் சிலர்க்கே புண் வருதலின், துணைக்காரணங்கள் பலவென்பது தெளிவு. ஆனால் துணையை முதலாகக் கொள்வது பிழை. இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே நெருக்கமான வீடுகளிலும் தூய்மையற்ற நீரிலும் தொற்றுவது. அதற்காகத் தாயின் கைக்குழம்பையும் தந்தையின் மனத்தையும் பழிப்பது எவ்வாற்றான் முறையாகும்?

வீண்பழியினும் கொடியது காலத்தாழ்வு. தன் குணமே காரணமென்று நம்பியவன் மருத்துவரை நாடான், நாணுவான், அமிலத்தைத் தணிக்கும் கடைமருந்தை ஆண்டுக்கணக்காக விழுங்குவான். மருந்து தணிக்கும், கிருமியோ இருந்தபடியே இருக்கும். இக்கிருமி இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஏதுவாகும் என 1994ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது. ஆதலின், எரிச்சல் வாரக்கணக்கில் நீடிப்பின் சோதித்தறிதலே கடன். மூச்சுச் சோதனையும் மலச் சோதனையும் கிருமியைக் காட்டும். வேண்டுமாயின் எண்டாஸ்கோப்பி புண்ணையே காட்டும். அமிலம் குறைக்கும் மருந்தோடு கிருமிகொல்லி மருந்துகளைப் பெரும்பாலும் பதினான்கு நாள் உண்ணச் செய்வர். நான்காம் நாளில் வலி நின்றதென்று மருந்தை நிறுத்துவோர், கிருமிக்கு அம்மருந்தை எதிர்க்கும் வலிமையைக் கற்பிப்போராவர். குருதி வாந்தி, கறுத்த மலம், திடீரென எழும் கடுவலி ஆகியவை தோன்றினால் ஒருகணமும் தாழ்த்தலாகாது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயைத் தேர்வதோடு அமையாது அதன் முதலையும் தேருமாறு பணித்தார். அக்குறளை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றோம். வீட்டிலோ முதலைத் தேராமலே தீர்ப்புக் கூறுகின்றோம்.

தந்தையார் நலமுற்ற பின்னர் ஒருநாள் அன்னையார் என்னிடம், "அப்படியானால் என் கை மிளகாயினால் அன்று, அல்லவா தம்பி?" என்று கேட்டார். அன்று என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அம்மியைக் கழுவச் சென்றார். ஆறாண்டுகள் அவர் சுமந்த அப்பாரத்தை இன்னும் எத்தனை தாய்மார் சுமக்கின்றனரோ! விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்காள், இந்த உண்மையையும் உங்களுடன் கொண்டு செல்வீர்களாக.