வானூர்தி நிலைய வாயிலில் தமிழ்

ஒரு நாட்டிற்கு வருபவன் முதலில் காண்பது அதன் கோயிலையும் அன்று, கோட்டையையும் அன்று. வானூர்தி நிலையத்தினின்று ஊருக்குள் செல்லும் வழியையே அவன் முதலிற் காண்கின்றான். அவ்வழியில் எம்மொழி எழுதப்பட்டுள்ளதோ, எம்மொழி பேசப்படுகின்றதோ, அம்மொழியார்க்கே அம்மண் உரியது என்று கொள்கின்றான்.

அயல்நாட்டில் உழைத்து, மீனம்பாக்கத்தில் வந்திறங்கும் திருவதிகைத் தமிழன் ஒருவனை எண்ணிப் பார்க்க. 2016 முதல் மெட்ரோ எனும் மாநகர்த் தொடர்வண்டி அவ்வாயிலுக்கு வருகின்றது. 2018 முதல் சென்னை நடுவண் நிலையம்வரை நேரே செல்கின்றது. நகருக்குச் செல்வார்க்கு வழி எளிதாயிற்று. தெற்கே செல்வார்க்கோ? தென்மாவட்டப் பேருந்துகளுக்கெனக் கிளாம்பாக்கம் நிலையம் 2023 திசம்பர் 30-இல் திறக்கப்பட்ட போது, மாநகர்த் தொடர்வண்டித் தடம் அங்குச் சென்றிருக்கவில்லை. மூட்டை முடிச்சுகளுடன் வண்டி மாறி மாறிச் சென்றே விழுப்புரம், பண்ணுருட்டி வழியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதிகைக்கு அணித்தே நெய்வேலியில் வானூர்தித் தளம் ஒன்று உண்டு. பழுப்பு நிலக்கரிக்காகத் தமிழுழவர் நிலம் ஈந்த மண் அது. 2017-இல் நடுவணரசின் 'உடான்' திட்டத்தில் சேலமும் நெய்வேலியும் தெரிவு செய்யப்பட்டன. எளிய குடிமகனும் பறக்கட்டும் என்பது அத்திட்டப் பெயரின் விரிவு. அவ்விரிவோ இந்தியில் உள்ளது! சேலத்தில் 2018-இல் வானூர்தி பறந்தது. நெய்வேலியிலோ ஆண்டுகள் பல வெறுமனே கழிந்தன. எவர்க்கென வகுத்தனரோ, அவர் மொழியிற் பெயரும் இல்லை. அவர் ஊரிற் பயனும் இல்லை.

மொழியிழிவு இதனினும் கொடிது. 2020 ஆகத்துத் திங்களில், சென்னை வானூர்தி நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்ட தம்மைப் பார்த்து, 'இந்தியர்தாமா?' எனக் காவற்படை அலுவலர் ஒருவர் வினவியதாக மக்களவை உறுப்பினர் கனிமொழி வெளியிட்டார். மக்களவை உறுப்பினர்க்கே இந்நிலையெனில், கைந்நாட்டு வைத்துக் கடல்கடந்த உழைப்பாளியின் நிலை என்னாம்? தாய்மண்ணில் கால் வைத்ததும் தாய்மொழியில் வழி கேட்க அஞ்சுவான் எனின், அவன் வந்தது தன் நாட்டிற்கா, பிறர் நாட்டிற்கா?

சிங்கப்பூரைக் காண்க. தமிழர் அங்குச் சிறுபான்மையர். எனினும் தமிழ் அந்நாட்டின் 4 ஆட்சிமொழிகளுள் ஒன்று. தொடர்வண்டி நிலையக் காப்பறிவிப்புகளில் தமிழும் உண்டு. சிறுபான்மையராய் வாழுமிடத்துக் கிடைப்பது, பெரும்பான்மையராய் வாழும் தாயகத்தில் கிடைத்தற்கு எது தடை?

பிறரை மட்டும் நோவது அறமன்று. 'பேருந்து' என்ற போது நகைத்தோர் பலர். போக்குவரத்துக் கழகங்கள் அச்சொல்லை வண்டியிலும் பலகையிலும் எழுதின. இன்று நகைப்பார் எவரும் இலர். 'நடத்துநர்', 'ஓட்டுநர்' எனுஞ் சொற்களும் அவ்வாறே வேரூன்றின. 'வானூர்தி'க்கு மட்டும் என்ன குறை? அதிகைக் கோயில் கருவறைமேல் அசையாது நிற்பதும் 'விமானம்', வானில் பறப்பதும் 'விமானம்' என்பது சொல்வறுமையா, எண்ணவறுமையா? எழுதாத சொல் வழங்காது. வழங்காத சொல் வாழாது.

ஆதலின் வேண்டுவன மூன்று: தமிழ்நாட்டு வானூர்தி நிலையங்களில் மக்களோடு பேசும் பணியில் உள்ளோர் தமிழறிந்தோராதல் வேண்டும், வழிகாட்டும் பலகையிலும் அறிவிப்பிலும் தமிழ் முதலில் நிற்றல் வேண்டும், தமிழர் தம் வாயால் 'வானூர்தி நிலையம்' என்றே சொல்லுதல் வேண்டும். முன்னிரண்டும் அரசுகள் செய்ய வேண்டுவன. மூன்றாவதற்கு எவர் இசைவும் வேண்டா, இன்றே தொடங்கலாம்.

நாவுக்கரசர் எனும் பெயரை ஒருவர்க்கு ஈந்த ஊர் திருவதிகை. அவ்வூரார் தம் நாவை அயல்மொழிக்கு அடகு வைத்து ஊர் திரும்பும் நிலை இனியும் நீளலாகாது.