விமானிகள் தட்டுப்பாடு என்கிறார்கள்... லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை? ஏர்லைன்ஸ் யாரை எடுக்கிறது?

'நாட்டில் விமானிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு' என்ற செய்தி அடிக்கடி வருகிறது. இன்னொரு பக்கம், அரை கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து லைசென்ஸ் வாங்கிய இளைஞர்கள், ஏர்லைன்ஸ் அறிவிப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இரண்டில் எது உண்மை? இரண்டுமே உண்மைதான். அது எப்படி என்று பார்ப்போம்.

தட்டுப்பாடு எங்கே இருக்கிறது?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானது நினைவிருக்கும். டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாட்களில் 2,500க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்த புதிய பணிநேர விதிகளுக்கு நிறுவனம் சரியாகத் தயாராகவில்லை என்பதே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

அப்போது வெளியான ஒரு கணக்கை விமானி கனவில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் கவனிக்க வேண்டும். புதிய விதிப்படி இண்டிகோவின் ஏ320 ரக விமானங்களுக்குத் தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422 பேர். இருந்தவர்கள் 2,357 பேர். அதாவது 65 பேர் குறைவு. ஆனால் துணை விமானிகள் 2,153 பேர் தேவைப்பட்ட இடத்தில் 2,194 பேர் இருந்தார்கள். 41 பேர் கூடுதல்!

ஆக, அந்தக் கணக்குப்படி தட்டுப்பாடு கேப்டன் இருக்கையில்தான். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் உட்காரப்போவது துணை விமானி இருக்கையில். கேப்டன் ஆக வேண்டுமென்றால் ஏடிபிஎல் எனும் உயர்நிலை லைசென்ஸ் வேண்டும். அதற்கே 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதன்பிறகு நிறுவனத்தின் பயிற்சி, தேர்வுகள் வேறு. இதை ஒரே வருடத்தில் உருவாக்கிவிட முடியாது.

30,000 விமானிகள் தேவை என்கிறார்களே?

இந்தியாவுக்கு அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு 2025ல் கூறினார். இந்திய நிறுவனங்கள் 1,700க்கும் மேற்பட்ட விமானங்களை ஆர்டர் செய்திருப்பதுதான் இதற்கு அடிப்படை. 2023ல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன.

விளம்பரங்களில் '30,000' பெரிதாக இருக்கும். '15 முதல் 20 ஆண்டுகள்' சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 பேர். 2023ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கிய வணிக விமானி லைசென்ஸ்கள், அதாவது சிபிஎல், 1,622. அதற்கு முந்தைய ஆண்டில் 1,165. சராசரியாகப் பார்த்தால் வேலையும் ஆட்களும் கிட்டத்தட்ட சமம்.

ஆனால் வேலை சராசரியாக வருவதில்லை. விமானங்கள் டெலிவரி ஆகும்போது மொத்தமாக ஆள் எடுப்பார்கள். டெலிவரி தள்ளிப்போனால் மாதக்கணக்கில் அறிவிப்பே வராது. ஒரு நிறுவனம் மூடப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். 2019ல் ஜெட் ஏர்வேஸ், 2023ல் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது, அனுபவமுள்ள விமானிகள் நூற்றுக்கணக்கில் வேலை தேடி வந்தார்கள். அந்த நேரத்தில் 200 மணி நேரம் மட்டுமே பறந்த புதியவர் வரிசையில் பின்னுக்குப் போவது இயல்பு.

வேலைவாய்ப்பு முகாமுக்குப் போனால் கிடைக்குமா?

அமெரிக்காவில் விமானிகளுக்கென்றே தனி வேலைவாய்ப்பு முகாம்கள் நடக்கின்றன. ஏர்லைன்ஸ் அதிகாரிகள் நேரில் வந்து விண்ணப்பதாரர்களிடம் பேசி, சில இடங்களில் நேர்காணலையும் முடித்துவிடுவார்கள். காரணம், 50 பேர் உயிரிழந்த 2009 கோல்கன் ஏர் விபத்துக்குப் பிறகு அங்கே விதி மாறியது. 2013 முதல் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முகாமுக்கு வருபவர் ஏற்கெனவே பயிற்சியாளராகவோ சிறு விமானங்கள் ஓட்டியோ அனுபவம் பெற்றவர். அவரிடம் பேசித் தேர்ந்தெடுக்க விஷயம் இருக்கிறது.

இந்தியாவில் 200 மணி நேரத்தில் சிபிஎல் கிடைக்கும். அதை வைத்தே ஏர்லைன்ஸில் சேரலாம். அதனால் இங்கே முகாமை விட, வடிகட்டும் தேர்வுகள்தான் முக்கியம். நிறுவனத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். பிறகு எழுத்துத் தேர்வு, திறனறித் தேர்வு, மனநிலைத் தேர்வு, நேர்காணல், சிமுலேட்டர் சோதனை எனப் படிப்படியாக நடக்கும். நம்மூர் பொது வேலைவாய்ப்பு முகாம்களுக்கு விமானத்துறை நிறுவனங்கள் வந்தாலும், பெரும்பாலும் விமான நிலையத் தரைப் பணியாளர், கேபின் க்ரூ போன்ற வேலைகளுக்குத்தான் ஆள் எடுக்கும்.

பிளஸ் டூ ரிசல்ட் சமயத்தில் நடக்கும் கல்விக் கண்காட்சிகள் வேறு ரகம். அங்கே ஃப்ளையிங் ஸ்கூல் ஸ்டால்கள் விற்பது சீட்டு, வேலை அல்ல. 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று சொன்னால், எந்த ஏர்லைன்ஸ், எந்த ஆண்டு, எத்தனை பேர் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளலாம்.

ஏர்லைன்ஸ் யாரை விரும்புகிறது?

முதலில், டைப் ரேட்டிங் வைத்திருப்பவரை. ஏ320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி இது. சொந்தச் செலவில் முடித்தால் பல லட்சம் ஆகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏ320க்குப் பணம் கட்டிப் படித்துவிட்டு, 737 ஓட்டும் நிறுவனம் ஆள் எடுத்தால் அந்தப் பணம் அப்போதைக்குப் பயன்படாது.

இரண்டாவது, சமீபத்தில் பறந்தவரை. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் கிளாஸ் 1 மருத்துவச் சான்றையும் வழக்கமாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் சும்மா இருந்தவருக்குக் கை பழக்கம் விட்டுப்போயிருக்கும். சிமுலேட்டரில் அது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, அடிப்படை வலுவாக இருப்பவரை. டிஜிசிஏ தாள்களில் 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஆனால் மனப்பாடம் செய்து தேறியவர்கள், 'இந்த மேகத்தைப் பார்த்தால் என்ன முடிவு எடுப்பீர்கள்?' என்ற கேள்வியில் சிக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசுவதும், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து முடிவெடுப்பதும் கவனிக்கப்படும்.

நான்காவது, கேடட் திட்டத்தில் வந்தவரை. ஏர்லைன்ஸ் முதலிலேயே தேர்வு வைத்து, தனது கூட்டாளிப் பள்ளியில் பயிற்சி கொடுத்து, டைப் ரேட்டிங் வரை முடிக்கும் முறை இது. வேலைக்கான வழி ஓரளவு தெளிவாக இருக்கும். ஆனால் செலவு ஒரு கோடி ரூபாயைத் தொடலாம், தாண்டலாம். 'நிபந்தனைகளுக்கு உட்பட்ட வேலை' என்றுதான் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

பெண்களுக்கு வாய்ப்பு எப்படி?

உலக அளவில் விமானிகளில் பெண்கள் சுமார் 5 சதவீதம்தான். இந்தியாவில் சுமார் 15 சதவீதம். தனியார் ஏர்லைன்ஸில் சட்டப்படியான இடஒதுக்கீடு கிடையாது. அதே தேர்வு, அதே சிமுலேட்டர். பெண்களை விண்ணப்பிக்க ஊக்குவிக்கிறார்கள். அதற்காகத் தேர்ச்சி அளவைக் குறைப்பதில்லை.

குடும்பத்தின் கணக்கு என்ன?

ஒரு உதாரணம். 60 லட்சம் ரூபாய் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 79,000 ரூபாய். வேலை கிடைக்கும்வரை வட்டி மட்டும் கட்டினால்கூட மாதம் 50,000. ஒரு வருடம் காத்திருந்தால் 6 லட்சம். இதற்காக வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த குடும்பத்துக்கு, இந்தக் காத்திருப்புதான் உண்மையான ஆபத்து. பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டும் அல்ல, காத்திருக்கும் காலத்துக்கும் பணம் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

பணம் கட்டும் முன் என்ன செய்யணும்?

* முதலில் மருத்துவப் பரிசோதனை. கிளாஸ் 2, அதன்பின் கிளாஸ் 1. நிறக்குருடு போன்ற குறை பாதி வழியில் தெரியவந்தால் கட்டிய பணம் திரும்பாது. கண்ணாடி போடுவது மட்டுமே தடை இல்லை.

* பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாதவர்கள் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்தப் பாடங்களை எழுதுகிறார்கள்.

* பள்ளியின் தரம். 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதல்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியது. பட்டியலில் இருந்த 35 பள்ளிகளில் ஒன்றுகூட 'ஏ' பிரிவில் வரவில்லை. எத்தனை விமானங்கள் ஓடும் நிலையில் உள்ளன, எத்தனை பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், 200 மணி நேரத்தை முடிக்க மாணவர்களுக்கு உண்மையில் எத்தனை மாதம் ஆகிறது என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள்.

* மொத்தக் கட்டணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். பறக்கும் மணி நேரத்துக்கு ஏற்பப் பிரித்துக் கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

* 'பணம் கொடுத்தால் ஏர்லைன்ஸில் சேர்த்துவிடுகிறேன்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வேலை கொடுக்கப் பணம் வாங்குவதில்லை என்று ஏர்லைன்ஸ் நிறுவனங்களே எச்சரிக்கின்றன. டைப் ரேட்டிங் பயிற்சிக் கட்டணம் வேறு; அதற்கு ஒப்பந்தமும் ரசீதும் இருக்கும்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்காத ஒரு வழி, பயிற்சியாளர் தகுதி பெற்று ஃப்ளையிங் ஸ்கூலிலேயே வேலை செய்வது. சம்பளம் ஏர்லைன்ஸ் அளவுக்கு இருக்காது. ஆனால் பறக்கும் மணி நேரம் ஏறும், கை பழக்கம் விடாது, அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கூடுதலாக இருக்கும். வானத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. திறக்கும் நாள்வரை தாக்குப்பிடிக்கத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் துறை கைகொடுக்கும்.