ராசம்மாவை நாங்களும்தான் கைவிட்டோம்

தோழர்களே,

யூலை நினைவு நிகழ்வுக்கான ஆயத்தக் கூட்டம் போன ஞாயிறு வெரிபீயில் நடந்தது. ருக்மணி தேவி பற்றி அரை மணி நேர உரை, அவரின் பழைய பாட்டுகள் சில என்று நான் ஒரு யோசனை வைத்தேன். "கறுப்பு யூலைக்குச் சிங்கள நடிகையா?" எண்டு ஒரு தோழர் கேட்டார். இன்னொருவர், "தமிழச்சியாப் பிறந்து சிங்களத்துக்குப் பாடினவ. அப்படிப்பட்ட ஆக்களுக்கு எங்கட ஊரில வேற பேர் இருக்கு" எண்டார். அந்தப் பேர் என்னவெண்டு இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்டைக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923 சனவரி 15 அன்று மலையகத்தின் றம்பொடையில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கொழும்புச் செட்டிகள் தமிழரா இல்லையா எண்டு இப்ப சிலர் வாதாடுவினம். ராசம்மா எண்ட பேர் எந்த மொழி எண்டு அவையிட்டயே கேளுங்கோ. 1930களின் கடைசியில், பதின்ம வயதில், எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு சேர்ந்து அவர் பாடிய முதல் இசைத்தட்டு வந்தது. அது புத்தகயாவைப் போற்றும் ஒரு பௌத்த பக்திப் பாட்டு.

1947 சனவரி 21 அன்று முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுனு பொறொந்துவ' திரைக்கு வந்தது. அதன் நாயகி ருக்மணி தேவி. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஒரு வங்காளி. படம் பிடித்தது மதுரையில். மூல நாடகம் மட்டும் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன என்ற சிங்களவருடையது. அவரின் தம்பி, நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்ன, ருக்மணியின் கணவர். ஆக, 'தூய' சிங்களக் கலை எண்டு பிக்குமார் மேடையில முழங்கிற அந்தச் சினிமா பிறந்த வீடு மதுரையில இருந்தது.

அடுத்த ஆண்டு, 1948இல், சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். றம்பொடையில பிறந்தவளின்ர குரலைக் கேட்டுக் கைதட்டின நாடு, றம்பொடைத் தோட்டத்தில கொழுந்து எடுத்தவளிட்ட "நீ யார்?" எண்டு கேட்டது. ஒரு பக்கம் சத்தமான கைதட்டல். அந்தச் சத்தத்தில மறுபக்கம் கேட்ட கேள்வி காதில விழவில்லை.

அதனால, "பாருங்கோ, கலைக்கு இனமில்லை, ருக்மணியை நாங்கள் எப்படிக் கொண்டாடினோம்" எண்டு கொழும்புத் தாராளவாதிகள் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். கொண்டாடினது உண்மை. ஆனால் கொண்டாடப்பட்டது ருக்மணி, ராசம்மா இல்லை. பேரை வாசலில கழற்றி வைத்துவிட்டு வந்தால் உள்ள இடம் உண்டு. அதுக்குப் பேர் நல்லிணக்கம் இல்லை, நிபந்தனை.

பேரைக் கழற்றாதவர்களுக்கு என்ன நடந்தது? 1983 யூலையைப் பாருங்கள். சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கே எரிந்தவை பெரும்பாலும் சிங்களப் படச்சுருள்கள்தான். தமிழனை எரிக்க வந்த கும்பல் தன்ர சொந்தச் சினிமாவையே எரித்தது. அந்த ஸ்டூடியோவை நம்பிச் சோறு தின்ற சிங்களத் தொழிலாளியின்ர வேலையும் சேர்ந்து எரிந்தது. முதலாளி குணரத்தினத்துக்காக நான் அழவில்லை. இனவாதம் ஆருடைய வயிற்றில அடிக்குது எண்டதைத்தான் சொல்லுறேன். கறுப்பு யூலைக்கும் சிங்களச் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்ட தோழருக்கு இதுதான் என் பதில்.

இனி எங்கட பக்கம் வருவோம், ஏனெண்டால் கசப்பு இங்கதான் கூட.

மார்லின டீட்ரிச் என்ற ஜெர்மன் நடிகையை உங்களில் பலருக்குத் தெரியும். நாசிகள் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போகவில்லை. 1939இல் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தார். போரில் நேச நாட்டுப் படையினருக்குப் பாடினார். 1960இல் ஜெர்மனிக்குப் பாட வந்தபோது, "வீட்டுக்குப் போ" என்ற பதாகையோடு சொந்தச் சனமே நின்றது. துரோகி என்றார்கள். 1992இல் பாரிசில் இறந்து, பெர்லினில் அடக்கம் செய்யப்பட்டார். 2002இல், செத்துப் பத்து வருசம் கழித்து, பெர்லின் அவரைக் கௌரவப் பிரசை ஆக்கியது.

டீட்ரிச்சும் ருக்மணியும் ஒண்டில்லை. டீட்ரிச் அரசியல் தெரிந்து பக்கம் எடுத்தவர். ருக்மணி அப்படி எந்தப் பக்கமும் எடுத்ததாகக் காட்டி அவரைப் புரட்சிக்காரி ஆக்க நான் வரவில்லை. அவர் பாடினார், நடித்தார், கூலி வாங்கினார். 1978 ஒக்டோபர் 28 அன்று, 55 வயதில், மாத்தறையில் ஒரு நிகழ்ச்சியில் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், துடல்லையில் வாகன விபத்தில் செத்தார். சாகும்வரை வேலை செய்த ஒரு தொழிலாளி. ஆனால் 'துரோகி' எண்ட சொல் ரெண்டு பேர் விசயத்திலயும் ஒரே வேலையைத்தான் செய்யுது. ஒரு பெண் தன் குரலை எங்க விக்கலாம், எங்க விக்கக்கூடாது எண்டு சொந்தக்காரர் மாதிரி நிண்டு தீர்மானிக்குது. அந்தச் சொல்லால எங்கட ஊரில எத்தனை ஆசிரியர், எத்தனை தோழர், எத்தனை தாய்மார் போனவை எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொண்டையும் யோசியுங்கோ. ட்ருகனினா களஞ்சியங்களில இரவு வேலை செய்யிற எங்கட ஆக்களின்ர பெயர் அட்டையைப் பாத்திருக்கிறீங்களா? சிவராஜா 'ராஜ்' ஆகிறார். தர்சினி 'டார்ஸ்' ஆகிறா. முதியோர் இல்லத்தில வெள்ளைக்காரப் பாட்டிக்கு ஆங்கிலப் பாட்டுப் பாடித் தூங்க வைக்கிற அக்காவை நாங்கள் ஆரும் துரோகி எண்டு சொல்லுறதில்லை. வயிற்றுப்பாடு எண்டு விளங்கிக்கொள்ளுறம். எங்களுக்கு ஒரு நியாயம், ராசம்மாவுக்கு இன்னொரு நியாயமா?

அவரை 'எங்கட தமிழச்சி' எண்டு பொன்னாடை போத்திக் கொண்டாடவும் நான் கேட்கவில்லை. அதுவும் உரிமை கொண்டாடுற வேலைதான். நான் கேட்கிறது சின்ன விசயம். யூலை நிகழ்வில அந்த அரை மணி நேரத்தைத் தாங்கோ. அழைப்பிதழில 'டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற ருக்மணி தேவி' எண்டு முழுப் பெயரையும் போடுவோம். வெங்கட்டின் பெயரையும் போடுவோம். இந்தப் பக்கத்தில இருக்கிற சிங்களத் தோழர்களையும் கூப்பிடுவோம். அவையள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவை. அதைப் பாடினவளின்ர பேர் ராசம்மா எண்டு எங்கட மண்டபத்தில, யூலையில, எங்கட வாயால கேட்கட்டும். கேட்டபிறகு 1983 பற்றி அவையளோட கதைப்போம்.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வாங்கோ. இந்தமுறை நான் வாயைத் திறப்பன்.

தோழமையுடன்,
வெரிபீயிலிருந்து ஒரு தோழர்