ஆலை வாசலுக்கு வெளியே கரையும் நேரம்

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததில் மத்தியானச் சோற்றுக்கும் பங்கு உண்டு. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உணவு இடைவேளை அரை மணி நேரம்தான். அதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். தாமதித்தால் வாசல் சாத்தியிருக்கும், கூலியும் போகும். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் இந்தக் குறையையும் சேர்த்துத்தான் பி.பி. வாடியாவிடம் கொண்டுபோனார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் அமைந்தது. திரு.வி.க. அதில் முன்னின்றார்.

தொழில்மயம் என்றதும் நீராவி, இயந்திரம், உற்பத்திப் பெருக்கம் என்று அடுக்கப் பழகியிருக்கிறோம். சாமானியர் வீட்டில் அது கிளப்பிய கேள்வி வேறு: என் நாள் யாருக்குச் சொந்தம்?

முன்பு கைத்தறி நெசவாளி சுகமாக இருந்தான் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் குழித்தறியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு, இருட்டும்வரை மிதித்தால்தான் உலை கொதிக்கும். மனைவியும் பிள்ளைகளும் தார் சுற்றுவார்கள். அந்த உழைப்புக்குத் தனிக் கணக்கு கிடையாது. முன்பணம் கொடுத்தவரிடம் பட்ட கடன் தலைமுறை தாண்டும். ஆனாலும் மழை பெய்தால் பாவு காயாது, வேலை நிற்கும். தெருவில் சாவு விழுந்தால் தறி ஓயும். காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டலாம். ஆலைக்குள் மழையும் கிடையாது, சாவும் கிடையாது. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால்தான் வெளியே வரலாம்.

அந்த இரண்டு சங்குக்கும் நடுவே இருந்த நேரத்தைக் குறைக்கத்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்தது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் 1908-இல் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வோடு ஞாயிறு விடுமுறையையும் வாங்கினார்கள். சட்டம் ஆமை வேகத்தில் பின்னால் வந்தது. 1881-இன் முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுப் பிள்ளையை ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அனுமதித்தது. அந்தச் சட்டம் வரவேண்டும் என்று நெருக்கியவர்களில் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் உண்டு. பம்பாய் ஆலைகளின் போட்டி அவர்களை அவ்வளவு கருணைசாலிகள் ஆக்கியிருந்தது! 1911-இல் ஜவுளி ஆலை ஆண்களுக்கு நாளொன்றுக்குப் 12 மணி நேரம், 1922-இல் வாரத்துக்கு 60, 1934-இல் 54, 1946-இல் 48 என்று எல்லை இறங்கியது.

இங்கேதான் ஒரு சூட்சுமம். சட்டம் எண்ணியதெல்லாம் வாசலுக்கு உள்ளே கழிந்த நேரம். ஆகவே தொழில் தன் கையை வாசலுக்கு வெளியே நீட்டியது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளில் பரவிய 'சுமங்கலித் திட்ட'த்தை எடுத்துக்கொள்வோம். வானம் பார்த்த ஊர்களிலிருந்து வந்த பதின்வயதுப் பெண்கள் மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி உழைத்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்பது பேச்சு. இடையில் உடம்பு முடியாமல் ஊர் திரும்பிய பலருக்கு அந்தத் தொகை எட்டவில்லை. 'கேம்ப் கூலி' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ஷிப்ட் எட்டு மணி நேரம்தான் என்று பதிவேடு சொல்லலாம். மிச்சப் பதினாறு மணி நேரத்தில் எப்போது தூங்குவது, யாரோடு போனில் பேசுவது, எந்த ஞாயிறு கடைத்தெருவுக்குப் போவது என்பதை வார்டன் முடிவு செய்தால், அது யாருடைய நேரம்? இரவில் ஆள் குறைந்தால் எழுப்பிக் கூட்டிப்போக விடுதி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மின்னணு யுகத்திலும் கதை மாறவில்லை. 2021 டிசம்பரில் மின்னணு ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனைக்குப் போனதால். பெரம்பூரில் கிளம்பிய சோற்றுப் பிரச்சினை நூறு ஆண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து நின்றது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுக்கவே மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. நல்லதுதான். ஆனால் கம்பெனி பஸ்ஸில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்று அலைபவருக்கு எட்டு மணி நேர வேலை ஏற்கெனவே பன்னிரண்டாகத்தான் இருக்கிறது.

வழி இல்லாமலும் இல்லை. வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்கும் பட்சத்தில், பணியிட விபத்தாகவே ஏற்க இ.எஸ்.ஐ. சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. பஸ்ஸில் கால் முறிந்தால் அது வேலை நேரம். முறியாமல் வீடு வந்து சேர்ந்தால் சொந்த நேரம் என்கிற இந்தக் கணக்கைத் தொழிற்சங்கங்கள் இனியாவது பேச்சுவார்த்தை மேஜையில் எடுத்து வைக்கலாம். நிறுவனமே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் கழியும் நேரத்துக்கு ஒரு படி, விடுதியில் தங்குபவருக்கு ஷிப்டு முடிந்தபின் வெளியே போய்வரும் உரிமை: முதல் கோரிக்கைகளாக இவை போதும்.