கிழட்டுக் குதிரைக்குக் கொள்ளு வைப்பது யார்?

ஒரு காலத்தில் மதுரை ரெயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். ஆட்டோ வந்தது, குதிரை வண்டி போனது. ஆனால் குதிரை போய்விடவில்லை. கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கிறது. கிராமத்துத் திருவிழாக்களில் எல்கைப் பந்தயம் ஓடுகிறது. பழனியில் பக்தர்களை ஏற்றிச் செல்கிறது.

குதிரை 25 ஆண்டு வாழும். நன்றாகக் கவனித்தால் 30 ஆண்டு கூட வாழும். அது பாடுபடுவதோ பெரும்பாலும் 20 வயது வரைதான். மிச்ச காலத்துக்கு?

அய்யனார் கோவில் மண் குதிரை பழசானால் கூட யாரும் தூக்கி எறிவதில்லை. உயிருள்ள குதிரைதான் தெருவுக்கு வருகிறது!

50 ரூபாய் அபராதம்

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, வயதாகித் தளர்ந்த பிராணியிடம் வேலை வாங்கக் கூடாது. பட்டினி கிடக்கும்படி அதை விரட்டி விடவும் கூடாது. மீறினால் என்ன தண்டனை தெரியுமா? முதல் தடவை என்றால் குறைந்தது 10 ரூபாய், கூடிப்போனால் 50 ரூபாய்! அன்று அது பெரிய பணம். இன்று அதில் ஒரு கிலோ கொள்ளு வாங்குவதே கஷ்டம்.

200 கிலோ எடையுள்ள நாட்டுக் குதிரைக்குத் தினமும் சுமார் 4 கிலோ உலர் தீனி வேண்டும். குதிரை ஓடினால்தான் வண்டிக்காரர் வீட்டில் அடுப்பு எரியும். ஓடாத குதிரைக்கு அவர் எங்கே போவார்? அதற்குச் சட்டம் வழி சொல்லவில்லை.

பல்லைப் பாருங்கள்

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும்" என்பார்கள். கிழட்டுக் குதிரையும் திறக்கும். மெல்லத்தான் முடியாது. குதிரையின் பல் தேயத் தேய மேலே வந்துகொண்டே இருக்கும். வயதானால் ஒரு பக்கம் தேய்ந்து, மறு பக்கம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். புல்லைக் குதப்பிக் கீழே துப்புகிறதா? பல் கோளாறாக இருக்கலாம். "வயசாச்சு, இளைக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். கால்நடை டாக்டர் அரம் வைத்துப் பல்லைச் சரி செய்தால், பல குதிரைகள் மறுபடி தீனி எடுக்கும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்கலாம்.

கொள்ளை வேக வைத்து மசித்து, தவிட்டை நனைத்துக் கொடுக்க வேண்டும். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒரேயடியாகத் தின்றால் வயிறு வலித்து உயிரே போகும். வேலை நின்றாலும் குளம்பு வளர்வது நிற்காது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். மதுரை வெயிலுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

வழி உண்டா?

பம்பாயின் விக்டோரியா வண்டிகளை நிறுத்தும்படி 2015-ல் அங்குள்ள ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. கூடவே, வண்டிக்காரர்களின் மறுவாழ்வுக்கும் திட்டம் போடச் சொன்னது. நமது நீலகிரியில், மசினகுடி அருகே ஒரு தொண்டு நிறுவனம் ஊட்டியில் உழைத்து ஓய்ந்த குதிரைகளை வாங்கி வைத்துப் பராமரித்திருக்கிறது. மலையில் நடந்தது சமவெளியிலும் நடக்கலாம். எல்கைப் பந்தயம் நடத்துகிறவர்கள் நுழைவுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். ஊர்ப் புறம்போக்கில் ஒரு கொட்டகையும், ஒரு தண்ணீர்த் தொட்டியும் போட்டால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.