முன்போர்ஷனில் நியூஸ், பின்போர்ஷனில் பழைய சீரியல்: அமெரிக்க லோக்கல் டி.வி.க்கள் நமக்குச் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பவ்லிங் கிரீன் என்று ஓர் ஊர். அங்கே டி.வி.யில் ஒரு சாதாரண ஆன்டெனாவைச் செருகி ஸ்கேன் செய்தால், 13.1-ல் ஏபிசி வரும். 13.2-ல் ஃபாக்ஸ். 40.1-ல் என்பிசி, 40.2-ல் சிபிஎஸ். அந்த நாட்டின் நான்கு பெரிய நெட்வொர்க்குகளும் வந்தாச்சு. ஆனால், இவற்றை ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்கள் இரண்டே இரண்டுதான். மாதச் சந்தா கிடையாது, டேட்டாவும் செலவாகாது.

இரண்டு நிலையங்கள் எப்படி நான்கு நெட்வொர்க்குகளைத் தருகின்றன? எல்லாம் அந்தப் புள்ளியின் மாயம்தான். 13.1 என்பது நிலையத்தின் முதன்மைச் சேனல். 13.2, 13.3 என்று போவதெல்லாம் சப்-சேனல்கள். இன்று அமெரிக்காவில் பெரும்பாலான லோக்கல் நிலையங்களுக்கு இப்படி நான்கைந்து சப்-சேனல்கள் இருக்கின்றன. அவற்றில் என்ன ஓடுகிறது என்பதில்தான் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இந்த எக்ஸ்ட்ரா இடம் எங்கிருந்து வந்தது?

சிம்பிளாகச் சொன்னால், பெரிய வீட்டைத் தடுத்துப் போர்ஷன் ஆக்கிய கதை. அமெரிக்காவில் ஒரு டி.வி. நிலையத்துக்கு ஒதுக்கப்படும் அலைவரிசையின் அகலம் 6 மெகாஹெர்ட்ஸ். அனலாக் காலத்தில் அது முழுவதையும் ஒரே ஒரு நிகழ்ச்சி அடைத்துக்கொள்ளும். டிஜிட்டலில் அதே இடத்தில் நொடிக்கு சுமார் 19.4 மெகாபிட் தகவலை அனுப்பலாம். அதை ஒரே ஹெச்டி சேனலுக்கும் கொடுக்கலாம், பல சேனல்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாம். குழாயில் வரும் தண்ணீரின் அளவு ஒன்றுதான். குடம் கூடக் கூட ஒவ்வொன்றிலும் விழுவது குறையும். சில சப்-சேனல்களில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

2009 ஜூன் 12-ம் தேதியோடு, அங்கே முழுத்திறன் நிலையங்கள் எல்லாம் அனலாக்கை நிறுத்திவிட்டு முழுமையாக டிஜிட்டலுக்கு மாறின. கையில் திடீரென்று நிறைய இடம். முன்போர்ஷனில் நிலையம் குடியிருக்கிறது, சரி. பின்போர்ஷன்களை என்ன செய்வது?

யார் குடிவந்தார்கள்?

முதலில் வந்தது வானிலை. 2004-ல் என்பிசியும் அதன் உள்ளூர் நிலையங்களும் சேர்ந்து 'வெதர் பிளஸ்' என்ற 24 மணி நேரச் சேனலைத் தொடங்கின. தேசிய வானிலையோடு உங்கள் ஊர் வானிலையும் வரும். நல்ல ஐடியாதான். ஆனால் 2008 முடிவில் மூடிவிட்டார்கள்.

அதன் பிறகு வந்தவர்கள்தான் நிலைத்தார்கள். பழைய சீரியல்களை மட்டுமே போடும் 'மீ டிவி' 2010 டிசம்பரில் தேசிய அளவில் வந்தது. அடுத்த மாதமே 'ஆன்டெனா டிவி'. 2011-ல் கறுப்பின மக்களுக்கான 'பவுன்ஸ் டிவி', 2014-ல் கௌபாய் படங்களுக்கான 'கிரிட்', 2019-ல் மறுபிறவி எடுத்த 'கோர்ட் டிவி'. இவற்றை 'டிஜிநெட்' என்கிறார்கள். ஒரே இடத்தில் தயாராகி நாடு முழுவதும் சப்-சேனல்களில் ஓடும் நெட்வொர்க்குகள்.

நிலையத்துக்கு இதில் செலவு மிகக் குறைவு. சில ஒப்பந்தங்களில் டிஜிநெட் நிறுவனம் மாத வாடகை தருகிறது. சிலவற்றில் விளம்பர நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 'இந்த நம்பருக்கு உடனே கால் பண்ணுங்க' வகை மருத்துவக் காப்பீட்டு விளம்பரங்கள் இந்தச் சேனல்களில் குவிவதும் அதனால்தான். ஸ்கிரிப்ஸ் நிறுவனம் 2017-ல் பவுன்ஸ், கிரிட் உள்ளிட்ட நான்கு டிஜிநெட்களை வைத்திருந்த கம்பெனியை சுமார் 29 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அந்த அளவுக்கு இது பெரிய பிசினஸ்.

இதில் என்ன தப்பு?

மக்கள் பார்க்கிறார்கள், நிலையம் சம்பாதிக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினைன்னு கேக்கறீங்களா? வீடு அவர்களுடையது இல்லை. அதுதான் பிரச்சினை.

அமெரிக்கச் சட்டப்படி அலைவரிசை பொதுச்சொத்து. நிலையங்களிடம் இருப்பது 8 ஆண்டு உரிமம் மட்டுமே. 'பொது நலனுக்கு' உழைக்க வேண்டும் என்பது 1934 சட்டத்திலிருந்தே தொடரும் நிபந்தனை. 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியே டிஜிட்டல் அலைவரிசையை ஏலம் இல்லாமல் இலவசமாகவே கொடுத்தார்கள். சப்-சேனலில் சந்தா வசூலித்தால் அந்த வருமானத்தில் 5 சதவிகிதம் அரசுக்குப் போகும். விளம்பரத்தில் ஓடும் இலவசச் சேனல் என்றால் அந்தக் கட்டணமும் இல்லை.

அந்த இடத்தின் மதிப்பு என்ன? 2017-ல் முடிந்த ஏலத்தில் டி.வி.க்களிடமிருந்து 84 மெகாஹெர்ட்ஸை விடுவித்தார்கள். அதற்காக மொபைல் நிறுவனங்கள் உள்ளிட்டோர் ஏலத்தில் கொட்டிய பணம் சுமார் 1,980 கோடி டாலர். அப்படிப்பட்ட இடம், உங்கள் ஊர் பெயர்கூட ஒரு முறை உச்சரிக்கப்படாத சேனல்களுக்கு வாடகைக்குப் போகிறது.

இதே காலத்தில்தான் அங்கே உள்ளூர்ப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2005-லிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போய்விட்டன என்கிறது நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளி. நகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆள் இல்லாத ஊர்கள் பெருகுகின்றன. அந்த ஊர்களிலும் 24 மணி நேரமும் கௌபாய் குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, நல்லதே நடக்கவில்லையா?

நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பவ்லிங் கிரீன் போன்ற சின்ன ஊர்களுக்கு ஃபாக்ஸும் சிபிஎஸ்ஸும் இலவசமாக வருவதே சப்-சேனலால்தான். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தொடங்கிய 'தியா டிவி' தெற்காசியர்களுக்கான நிகழ்ச்சிகளை இதே வழியில்தான் பல நகரங்களுக்குக் கொண்டுபோனது. தனி நிலையம் வாங்க வசதியில்லாத ஒரு சமூகத்துக்கு, பின்போர்ஷன் பெரிய வாய்ப்பு.

பொது ஒளிபரப்பான பிபிஎஸ் இன்னும் ஒருபடி மேல். 2017 ஜனவரியில் குழந்தைகளுக்காக 24 மணி நேரச் சேனலைத் தொடங்கி உள்ளூர் நிலையங்களின் சப்-சேனல்களில் ஓடவிட்டது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து பள்ளிகள் மூடியபோது, சப்-சேனல்களில் ஓடும் 'வேர்ல்டு சேனல்' தன் பகல் நேரத்தை 6 முதல் 12-ம் வகுப்பு மாணவர்களுக்கு ஒதுக்கியது. வீட்டில் இன்டர்நெட் இல்லாத பிள்ளைக்கு அந்த ஆன்டெனாதான் வகுப்பறை.

பழைய சீரியல்களையும் நான் கிண்டல் செய்யவில்லை. கேபிள் கட்டணம் கட்ட முடியாத, தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு அதுதான் பேச்சுத்துணை. என் ஆட்சேபம் சீரியல் ஓடுவதில் இல்லை. நான்கு போர்ஷனிலும் சீரியல் மட்டுமே ஓடுவதில்தான்.

'கட்டுப்படியாகாது' என்பது உண்மையா?

நிலையங்கள் சொல்லும் பதில் இதுதான். உள்ளூர் நிகழ்ச்சி தயாரிக்கச் செலவு அதிகம், விளம்பரம் குறைவு. அதோடு, முதன்மைச் சேனலைத்தான் கேபிள் நிறுவனங்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும், சப்-சேனலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி 2005-லேயே முடிவு செய்துவிட்டது. கேபிளில் போகாவிட்டால் பார்வையாளர் குறைவு. இதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், உள்ளூர் என்றால் கோடிக்கணக்கில் செலவழிக்கும் ஸ்டூடியோ ஷோ என்று யார் சொன்னது? நகராட்சிக் கூட்டத்தை ஒரு கேமரா வைத்து நேரலை செய்யலாம். காலையில் போட்ட செய்தியை, வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இரவில் மறுஒளிபரப்பு செய்யலாம். பள்ளி விளையாட்டுப் போட்டிகளைக் காட்டலாம். புயல் வரும் நாளில் ரேடார் படத்தை நிறுத்தாமல் ஓட்டலாம். இதற்கெல்லாம் தேவையான ஆட்களும் கருவிகளும் முன்போர்ஷனிலேயே இருக்கின்றன.

எஃப்சிசியோ எதிர்த்திசையில் போனது. குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சிகளில் ஒரு பகுதியை முதன்மைச் சேனலிலிருந்து சப்-சேனலுக்குத் தள்ளிவிடலாம் என்று 2019-ல் அனுமதி கொடுத்தது. கூடவே, ஒவ்வொரு சப்-சேனலுக்கும் தனித்தனியாக இருந்த குழந்தைகள் நிகழ்ச்சிக் கடமையையும் எடுத்துவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாடகைக்கு விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு சப்-சேனலில் தினமும் சில மணி நேரமாவது அந்த ஊருக்கு ஒதுக்குங்கள். இலவசமாக இடம் கொடுத்த மக்களுக்கு அது சலுகை அல்ல, வாடகை.

சென்னையில் உட்கார்ந்து இதை ஏன் படிக்கணும்?

ஏனென்றால் அதே தொழில்நுட்பத்தின் அடுத்த தலைமுறை உங்கள் போனைத் தேடி வரப் பார்க்கிறது. இன்டர்நெட் இல்லாமலே மொபைலில் டி.வி. பார்க்க வைக்கும் 'டைரக்ட் டு மொபைல்' திட்டத்துக்காக, அமெரிக்காவின் புதிய ஒளிபரப்புத் தரமான ஏடிஎஸ்சி 3.0-ஐத்தான் இந்தியா சோதித்துப் பார்த்தது. 19 நகரங்களில் சோதனை நடக்கும் என்று 2024 ஜனவரியில் மத்திய தகவல் ஒளிபரப்புத் துறைச் செயலாளரே அறிவித்தார். அதற்காகப் பேசப்படும் அலைவரிசை 470 முதல் 582 மெகாஹெர்ட்ஸ் வரை.

இங்கே தரைவழி ஒளிபரப்பு இன்றுவரை தூர்தர்ஷனிடம் மட்டுமே இருக்கிறது. 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் வந்தன. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இடம் இருந்தது, அதில் நமக்கென்று ஏதாவது வந்ததா என்பதுதான் கேள்வி.

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் போனது, செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே படகு வருகிறது என்று தெரியாமல் நகரமே தவித்தது. அப்படி ஒரு நாளில், டேட்டா இல்லாமல் போனுக்கு வரும் ஒரு சேனல் அடையாறுக்கும் முடிச்சூருக்கும் தனித்தனியாக எச்சரிக்கை சொன்னால் எப்படி இருக்கும்? அதே சேனலில் அன்றைக்கும் பழைய சீரியல் ஓடினால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் இடத்தை முதலில் கொடுத்துவிட்டார்கள். அதில் ஊருக்கு என்ன பங்கு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை. நாமாவது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, ஒரு போர்ஷன் ஊருக்கு என்று எழுதி வைத்துவிடலாம்.