ஒவ்வாத பெட்டிகளும் ஒத்த ஓசையும்

மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, கல்வியையும் ஒழுக்கத்தையும் பற்றி எழுதத் தக்க அன்பர் பலர் உளர் என எண்ணி, நான் சிறிது அறிந்த துறையொன்றில் நெடுநாளாக மனத்தை உறுத்திவரும் கருத்தையே எழுதத் துணிந்தேன். பண்டத்தரிப்பு வீடுகளில் இன்று இசை கேட்கும் கருவிகளுக்குக் குறைவில்லை. பிறநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ஆளுக்கொன்று கொண்டுவருகின்றனர். ஆயின், ‘சப்வூபர்’ என வழங்கும் தாழொலிப் பெட்டிகள் இரண்டு ஒரு வீட்டிற் சேர்ந்து, அவை ஒரே வகையினவாக இல்லாதவிடத்து, பழையதைக் கழித்துவிடுக என்பதே எல்லாரும் கூறும் புத்திமதியாக உள்ளது. அப்புத்திமதி பிழையானது என்பது என் துணிபு.

என் வீட்டில் உள்ள பழைய பெட்டி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில் செய்த என் காலஞ்சென்ற தமையனார் தம் கையாற் செய்தது. பன்னிரண்டு அங்குலக் கூம்பும், முன்புறத்தே காற்றுவாயும் உடையது. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் அற்றிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோமேயன்றி, இத்தகைய பெட்டிக்கு உணவூட்ட எவராலும் இயலவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அதை விட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கூம்பு கிழிந்திருந்தது; பலகை மட்டும் உறுதியாக நின்றது. பின்னாளில் வேறு கூம்பு பொருத்தினேன்.

சில ஆண்டுகளின் முன் என் மருமகன் ரொறன்ரோவிலிருந்து பத்து அங்குலப் பெட்டியொன்று கொண்டுவந்தான். அது காற்றுவாய் இல்லாத மூடிய பெட்டி. தன்னுள்ளேயே விரியலாக்கி உடையது. (அங்கு 120 வோல்ற்று, இங்கு 230 என்பதை மறந்து சுவரிற் செருகுவோர் உளர். நல்லவேளையாக அவன் மறக்கவில்லை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியும் உடன் வந்தது.) இரண்டையும் அருகருகே வைத்து இயக்கினோம். தவிலின் தொப்பி ஓசை பெருகும் என எதிர்பார்த்தோம், முன்னிருந்ததும் மெலிந்துபோயிற்று. “மாமா, இந்தப் பழசை இனி வெளியில போடுங்கோ” என்றான் அவன். எனக்கு மனம் வரவில்லை. தமையனார் கைபட்ட பொருள் என்பது ஒரு காரணம். காரணம் அறியாது தீர்ப்புக் கூறலாகாது எனப் பௌதிகம் கற்பித்த ஆசான் அடித்துச் சொன்னது மற்றொன்று.

காரணம் அவத்தையில் உள்ளது. ஒரே ஒலியைத் தரும் சமவலியுள்ள இரு பெட்டிகள் ஒரே அவத்தையில் இயங்கின், ஒன்று தரும் ஒலியிலும் 6 தெசிபெல் கூடும். எதிர் அவத்தையில் இயங்கின் ஒன்றையொன்று அழித்துவிடும். காற்றுவாய் உடைய பெட்டிக்கு ஒரு பரிவு மீடிறன் உண்டு. அதற்குக் கீழே வாயினின்று வரும் காற்றும் கூம்பின் அசைவும் முரண்படுவதால், ஒலி மூடிய பெட்டியினதிலும் விரைவாகத் தேய்கிறது. அவத்தையும் வேறாகத் திரும்புகிறது. மிகத் தாழ்ந்த மீடிறன்களில் இவ்விரு வகைப் பெட்டிகளும் ஏறக்குறைய எதிரெதிராகவே நிற்கும். இதனோடு, இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள இலக்கமுறைச் சுற்று ஒலியைச் சில மில்லிசெக்கன் தாமதப்படுத்துகிறது. செக்கனுக்கு 50 அதிர்வுடைய ஒலிக்கு ஓர் அதிர்வின் காலம் 20 மில்லிசெக்கன். ஆகவே 5 மில்லிசெக்கன் தாமதம் கால் அதிர்வுக்குச் சமம். ஒவ்வாமை என்பது விலையிலோ வயதிலோ இல்லை, இங்கேதான் உள்ளது.

பரிவு மீடிறனைக் காண்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிலிருந்து 60 அதிர்வில் தொடங்கி மெல்லக் கீழிறங்கும் ஒலியை அளவாகச் செலுத்தி, கூம்பைக் கவனித்தேன். 38 அதிர்வு அளவில் கூம்பு ஏறக்குறைய அசைவற்று நிற்க, வாயினின்று காற்று வீசியது. அதற்குக் கீழே கூம்பு கட்டுப்பாடின்றித் துடித்தது. தன்னால் இயலாத வேலையை அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது. சிறிய இலக்கமுறை வடிகட்டி ஒன்றால் அத்தாழ்ந்த பகுதி பழைய பெட்டிக்குச் செல்லாது தடுத்து, அதனைப் புதியதன் பங்காக விட்டேன்.

அடுத்தது அறை. சுண்ணக்கற் சுவர்களுடைய எம் அறையின் நீளம் 14 அடி. எம்மூர் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் செல்லும் எனக் கொண்டால், அந்நீளத்திற்குரிய முதல் நின்ற அலை 41 அதிர்வளவில் அமையும். சுவரோரத்தில் அவ்வொலி அதிரும்; நடுவே கதிரையில் இருப்பவனுக்கோ அது கேளாது. இரு பெட்டிகளை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால் அவ்வலையின் ஆட்டம் அடங்கும். ஹார்மன் நிறுவனத்து ஆய்வாளர் டொட் வெல்ற்றி 2002 இல் வெளியிட்ட ஆய்வில், நீள்சதுர அறையில் எதிர்ச்சுவர் நடுவில் வைத்த இரண்டு பெட்டிகளே இருக்கைதோறும் ஒலியைப் பெரிதும் சமப்படுத்தும் எனவும், நான்குக்கு மேற் கூட்டுவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை எனவும் காட்டினார். இரண்டாவது பெட்டி முழக்கத்திற்காக அன்று, சமத்திற்காகவே வேண்டப்படுவது. இதை எம் இளைஞர் உணர்ந்தால் அயலவர் நிம்மதியாக உறங்குவர்.

ஆகவே பழையதைக் கீழ்ச்சுவரிலும் புதியதை மேற்சுவரிலும் வைத்தேன். ஒவ்வொன்றையும் தனித்தனியே இயக்கி, கதிரையில் இருந்தபடி ஒலியளவை ஒப்பாக்கினேன். கைத்தொலைபேசியின் அளவுகோல் தாழொலியில் முற்றும் நம்பத்தக்கதன்று. எனினும் ஒப்புநோக்கப் போதும். பின் இரண்டையும் சேர்த்து, 50 அதிர்வு ஒலி மிகக் கூடுதலாகக் கேட்கும் இடம்வரை அவத்தைத் திருகியைத் திருப்பினேன். இதனைச் செய்யாது, பள்ளம் விழுந்த மீடிறனைச் சமனாக்கியால் உயர்த்த முயல்வோர் பலர். இரு பெட்டிகளும் ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் இரண்டையும் உயர்த்துவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. சமனாக்கி இறுதியில், சேர்ந்த ஒலிக்கே இடவேண்டியது.

புதிதாக இரண்டு வாங்குவோர் ஒரே வகையில் வாங்குவதே எளிது, மறுக்கவில்லை. கரகரக்கும் கூம்பையும் ஆறங்குலப் பொம்மைப் பெட்டியையும் எந்தத் திருகியாலும் காப்பாற்ற இயலாது. இருபது அதிர்வுவரை வேண்டும் என்போர் திரைப்படத்துக் குண்டொலிகளை விரும்புவோராதல் வேண்டும். எம் இசைக்கு அத்துணை ஆழம் வேண்டுவதில்லை: ஒன்றாங்கட்டைச் சுருதியில் ஆதார சட்சம் 131 அதிர்வு, அதன் கீழ்ச் சட்சம் 65. நாதசுரக் குழுவில் முழங்கும் இரு தவில்களும் ஒரே பலாமரத்திற் கடைந்தவையல்ல. வாருக்கு வார் இழுத்துப் பிடித்தே வித்துவான்கள் அவற்றை இணக்குகின்றனர். 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவொன்றை இப்போது என் கதிரையில் இருந்து கேட்கையில், தொப்பியின் ஒவ்வோர் அடியும் தனித்தனியே வந்து விழுகிறது.

யன்னலோர இருக்கையில் மட்டும் 63 அதிர்வளவில் ஒரு பள்ளம் இன்னும் உண்டு. புத்தக அலுமாரியைப் பின்சுவருக்கு நகர்த்திப் பார்க்க எண்ணியுள்ளேன். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மருமகன் அடுத்த ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறான்.